தண்டையல் சத்தி எடுத்தபோது

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் பிரிவில் யாராவது உங்களுக்குச் சொல்லத்தான் போகிறார்கள், அதுவும் கை கால் வைத்து. நாற்பது வருடம் நெடுந்தீவுக் கடலில் படகு ஓட்டிய ஒரு தண்டையல் என் முன்னால் கதிரையில் இருந்துகொண்டு, "டொக்டர், இண்டைக்கு வரேக்கை போட்டிலை சத்தி எடுத்துப்போட்டன்" என்றார். நான் கைதட்டினேன். வாந்தி எடுத்தேன் என்று சொன்ன மனிதருக்கு. பேச்சுக்குச் சொல்லவில்லை. இரண்டு கையையும் சேர்த்து, வெளியில் வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி தட்டினேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. நான் வேலணைத் தீவில், சரவணையில் பிறந்தவன். பெயருக்குத் தீவான். எங்கள் தீவுக்குக் கடலுக்கு நடுவால் தார் றோட்டு இருப்பதால் பஸ்ஸிலேயே வளர்ந்தவன். போட்டில் ஏறினால் கயிறு அவிழ்க்க முன்னமே என் முகம் மாறிவிடும். நயினாதீவுக்கு இருபது நிமிடம்கூடத் தாங்கமாட்டேன். நெடுந்தீவில் மருத்துவ முகாம் நடத்தப் போன ஒவ்வொரு தடவையும், இறங்குதுறையில் என்னைத்தான் முதலில் படுக்கவைத்தார்கள். முகாமுக்கு வந்த சனம் டொக்டரைச் சுற்றி நின்று விசிறிக்கொண்டிருக்கும்.

அந்தப் பயணங்களில் படகை ஓட்டியவர்தான் அருளப்பு அண்ணை. அலை எவ்வளவு எழும்பினாலும் சுக்கானைப் பிடித்தபடி நின்று வாழைப்பழம் சாப்பிடுகிற மனிதர். முதல் தடவை என் கையில் ஒரு பையைத் திணித்து, "காத்துப் பக்கம் திரும்பாதையுங்கோ டொக்டர், பின்னாலை ஐயர் இருக்கிறார்" என்றார். அதற்குப் பிறகு எனக்கு 'தார் றோட்டுத் தீவான்' என்று பெயரும் வைத்தார். இப்படிப்பட்டவர் சத்தி எடுத்தால் நான் கைதட்டாமல் என்ன செய்வேன்?

அந்தக் கைதட்டலுக்கு அவர் தன் உயிரைக் கொடுத்திருப்பார், கொஞ்சம் பிந்தியிருந்தால். அந்தக் கதைதான் இது. புதிதாக இந்தப் புற்றுநோய்ப் பிரிவுக்கு வந்திருக்கும் தம்பி தங்கைமார் கதிரின் அளவையும் மருந்தின் அளவையும் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது புத்தகத்தில் இல்லை. இருந்திருந்தால் நானும் வாசித்திருப்பேன்.

அருளப்பு அண்ணைக்கு இரைப்பையில் புற்றுநோய் வந்து, அதில் பெரும் பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள். மருந்தும் ஏற்றி முடிந்தது. இரண்டு வருடம் நன்றாக இருந்தார், படகும் ஓட்டினார். பிறகு சாப்பாடு இறங்கவில்லை என்று வந்தார். நோய் திரும்பியிருந்தது. தைத்த இடத்தோடு ஒட்டி ஒரு கட்டி, பக்கத்தில் வீங்கிப்போன சில நிணநீர் நெறிகள். மறுபடி வெட்டக்கூடிய இடமல்ல. கதிர்ச் சிகிச்சையையும் நோயெதிர்ப்புச் சிகிச்சையையும் சேர்த்துக் கொடுப்பது என்று முடிவெடுத்தோம். அப்போது நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் இருந்தது. அந்த இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதில் எனக்கிருந்த அனுபவம் விரல்விட்டு எண்ணக்கூடியது. அதை முகத்தில் காட்டாமலிருப்பதில் மட்டும் நிறைய அனுபவம் இருந்தது.

விளங்கப்படுத்தும் நாளன்று அவருடைய மனைவி திரேசம்மாவும் கூட இருந்தார். கடற்கரை ஆளுக்குக் கடற்கரைப் பாஷையில் சொல்லுவோம் என்று எனக்கொரு ஆசை.

"அண்ணை, கதிர் எண்டுறது தூண்டில் மாதிரி. ஒரு இடத்தைக் குறி பாத்து இறக்கிறது. ஊசி மருந்து வலை மாதிரி. உடம்பு முழுக்க வீசுறது."

அவர் திரேசம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"டொக்டர், நான் மீன் பிடிக்கிறேல்லை. ஆக்களை ஏத்திறனான்."

திரேசம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் உபமானங்களைக் கைவிட்டு நேராகச் சொன்னேன். கதிர் கட்டியை உடைக்கும். உடைந்த துண்டுகளை உடம்பின் காவல் அணுக்கள் கண்டு, இது எங்கள் ஆளில்லை என்று அடையாளம் பிடிக்கக்கூடும். அந்தக் காவல் அணுக்களுக்குப் புற்றுநோய் ஒரு பிறேக் போட்டு வைத்திருக்கும். ஊசி அந்தப் பிறேக்கைக் கழற்றிவிடும்.

"பிறேக் இல்லாமல் விட்டால் கள்ளனை மட்டும்தான் அடிப்பினமோ?" என்று கேட்டார் அருளப்பு அண்ணை.

பல டொக்டர்மார் கேட்க மறந்த கேள்வி அது.

"சிலநேரம் வீட்டுக்காரனுக்கும் அடி விழும் அண்ணை. குடல், ஈரல், சுரப்பியள் எண்டு எங்கையும் விழலாம். விழுந்தால் நான் உடனை பிடிச்சிடுவன்."

"இது வேலை செய்யுமோ?"

"தெரியாது. சில பேருக்குச் செய்யுது. சில பேருக்குச் செய்யேல்லை."

அவர் தலையாட்டினார். "சரி. சுக்கான் பிடிக்க ஏலுமாய் இருந்தால் எனக்குக் காணும்."

இந்த முழுக் கதையிலும் நான் சொன்ன ஒரே புத்தியான சொல் அந்தத் 'தெரியாது'தான். அதற்குச் சற்று முன்னர் சொன்ன 'உடனை பிடிச்சிடுவன்' என்பதைத்தான் பிறகு நான் பலமுறை நினைத்து வெட்கப்பட்டேன்.

கதிர் கொடுத்து முடியும் வரை நகரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கினார்கள். முதல் ஊசியும் அதற்குள் போட்டாயிற்று. குமட்டல் இருந்தது, அது எதிர்பார்த்ததுதான். பிறகு ஊருக்குப் போய், மூன்று கிழமைக்கு ஒருமுறை ஊசிக்காகக் காலைப் படகில் வந்து போனார். சாப்பாடு இறங்கத் தொடங்கியது. இரண்டாம் ஊசிக்கு வரும்போது தானே படகை ஓட்டி வந்ததாகச் சொன்னார். எனக்கோ வானத்தில் நடக்கிற மாதிரி.

மூன்றாம் ஊசிக்கு வந்த அன்றுதான் நான் கைதட்டினேன்.

"வாங்கோ அண்ணை, வாங்கோ. எங்கடை சங்கத்துக்கு இவ்வளவு நாளும் நான் ஒருத்தன்தான்" என்றேன்.

அவரும் சிரித்தார். அவர் சிரித்தது எனக்காக என்பது இப்போது விளங்குகிறது. அன்றைக்கு அலை கூட இல்லையாம். அதையும் அவர் சொன்னார். கதிர் வாங்கிய வயிறு, வெட்டிய வயிறு, ஒரு சத்திக்கு வேறு காரணம் தேவையா? காரணங்கள் தாங்களாகவே வரிசையில் நின்றன, நான் முன்னால் நின்றதைக் கூப்பிட்டேன். கதிர் முடிந்து ஒரு மாதம் கடந்துவிட்டதே, இடையில் நன்றாகத்தானே இருந்தார் என்று எண்ணிப் பார்க்கவில்லை. சத்தி நிற்க ஒரு குளிசை எழுதிக் கொடுத்தேன்.

எழும்பும்போது திரேசம்மா ஒரு விஷயம் சொன்னார்.

"டொக்டர், இவர் இப்ப எல்லாத்துக்கும் உப்புக் கேக்கிறார். கூழுக்குள்ளை கையாலை அள்ளிப் போடுறார். முந்தநாள் பாத்தன், குசினிக்குள்ளை நிண்டு வெறும் உப்பை நக்கிக்கொண்டு நிக்கிறார், ஆடு மாதிரி."

"நெடுந்தீவுத் தண்ணியிலை சமைச்சால் உப்பே போடத் தேவையில்லையே அக்கா" என்று நான் இன்னொரு பகிடி விட்டேன். பகிடி விட்ட கையோடு, ஒரு பொறுப்பான மருத்துவனாகப் புத்திமதியும் சொன்னேன்: "வயசும் போகுது அண்ணை, உப்பைக் குறையுங்கோ."

உங்களில் கெட்டிக்காரர் இந்த இடத்தில் தலையில் கைவைத்திருப்பீர்கள். வையுங்கள், நானும் வைத்திருக்கிறேன்.

அடுத்த முறை வந்தபோது அவர் படகை ஓட்டவில்லை. பலகையில் படுத்தபடி வந்திருந்தார். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து வான் பிடித்துக் கொண்டுவந்தார்கள். நிறை குறைந்திருந்தது. கண் குழிவிழுந்து கிடந்தது. சத்தி நிற்கவில்லை. என் சொல்லைக் கேட்டுத் திரேசம்மா உப்பையும் குறைத்திருந்தார்.

ஸ்கான் எடுத்தோம். கட்டி சுருங்கியிருந்தது. நெறிகளும் சிறுத்திருந்தன. படத்தில் நோய் தோற்றுக்கொண்டிருந்தது. கதிரையில் ஆளும் தோற்றுக்கொண்டிருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. இந்தச் சிகிச்சையை இவருடைய உடம்பு தாங்கவில்லை என்றுதான் நினைத்தேன். நானே சேர்த்துக் கொடுத்த இரண்டும் சேர்ந்து அவரைச் சாப்பிடுகின்றன என்ற பயம் பிடித்துவிட்டது. பயம் வந்த மருத்துவனுக்கு நிறுத்துவது சுகமான தீர்மானமாகத் தெரியும். அதற்குக் கருணை என்று ஒரு நல்ல பெயரும் கிடைக்கும்.

"அண்ணை, எல்லாத்தையும் நிப்பாட்டுவம். நோவு, சத்தி இல்லாமல் பாத்துக்கொள்ளுவம்" என்றேன்.

"ஓம் டொக்டர். காணும்" என்றார். "இனி வரேல்லை."

திரேசம்மா குனிந்து அவருடைய செருப்பைக் காலடியில் தள்ளி வைத்தார். 

அவர் போவதற்கு எழும்பினார். இரண்டு அடி வைத்தார், மூன்றாவது அடி வைக்கவில்லை. அப்படியே சரிந்தார். ஓடிப் பிடித்தது எங்கள் மிஸ்ஸி.

மிஸ்ஸி என்று எங்கள் பக்கத்தில் தாதியைச் சொல்லுவோம். இவர் நயினாதீவுக்காரி. என் பிரிவில் எனக்கு அடுத்த நிலையில் இருந்தவர் என்று காகிதத்தில் இருக்கும். பெயரை எழுதினால் இனி என்னோடு பேச்சுவார்த்தை இல்லை என்று எச்சரித்திருக்கிறார், ஆகவே மிஸ்ஸி என்றே வைத்துக்கொள்வோம். அருளப்பு அண்ணையைக் கட்டிலில் கிடத்திவிட்டு, நான் நிறுத்தற் கடிதம் எழுதிக்கொண்டிருந்த மேசைக்கு வந்தார்.

"சேர், ஸ்கானிலை கட்டி என்னெண்டு இருக்கு?"

"சுருங்கியிருக்கு."

"அப்ப ஆள் எதாலை சாகிறார்?"

நான் பேனையை வைத்தேன்.

"கதிராலை வயிறு..." என்று தொடங்கினேன்.

"கதிர் முடிஞ்சு எத்தினை நாள்? சேர், நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டை போக அந்த இறங்குதுறையிலைதான் நிக்கிறனான். அருளப்பு அண்ணை சத்தி எடுத்தவராம் எண்டு கதை வந்தவுடனை, அங்கை ஒருத்தரும் சிரிக்கேல்லை. டிக்கற் எழுதிற பெடியன் கூடச் சிரிக்கேல்லை. நீங்கள் சத்தி எடுத்தால் அது செய்தியில்லை. அவர் எடுத்தால் செய்தி. அந்தச் செய்திக்கு நீங்கள் கைதட்டினனீங்கள்."

இதைச் சொல்லும்போது அவருடைய குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நான் கோபிக்கவாவது இடம் கிடைத்திருக்கும்.

பிறகு நடந்தவை சில நிமிட வேலை. படுத்திருக்கும்போது இரத்த அழுத்தம் பார்த்தோம். இருத்திவைத்துப் பார்த்தோம். நூல் அறுந்த பட்டம் மாதிரி விழுந்தது. காலையில் எடுத்த இரத்தத்தின் றிப்போட்டைக் கோப்பிலிருந்து எடுத்தேன். அது என் மேசையில்தான் கிடந்தது. சோடியம் குறைவு, அதைச் சத்தியின் தலையில் கட்டியிருந்தேன். பொற்றாசியமோ கூடியிருந்தது. சத்தி எடுப்பவருக்கு அது குறையவேண்டும். சீனியும் குறைவு. சத்தி, களைப்பு, தலைச்சுற்று, உப்பு ஆசை. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி இருக்கிற அந்தச் சின்னச் சுரப்பியைக் காவல் அணுக்கள் அடித்து நொறுக்கியிருந்தன. உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கிறது அதுதான். ஆபத்து வரும்போது ஆளை நிமிர்த்தி நிற்கவைக்கிறதும் அதுதான். கள்ளனும் அடிபட்டான், வீட்டுக்காரனும் அடிபட்டான். உடனே பிடிப்பேன் என்று சொன்ன காவல்காரன் பகிடி விட்டுக்கொண்டிருந்தான்.

மருந்து தெரியும். ஸ்டீரொயிட் ஊசி. பரிசோதனைக்கு இரத்தத்தை எடுத்துவிட்டு, முடிவு வர முன்னமே போடவேண்டும். முடிவுக்குக் காத்திருந்தால் முடிவு மட்டும்தான் மிஞ்சும். ஆனாலும் என் கை ஒரு கணம் நின்றது. ஸ்டீரொயிட் அந்தக் காவல் அணுக்களை அடக்கிவிடாதா? இவ்வளவு பாடுபட்டுச் சுருக்கிய கட்டி திரும்ப எழும்பாதா? நல்ல கேள்விதான். ஆறுதலாக ஒரு கூட்டத்தில், தேத்தண்ணியோடு கேட்கவேண்டிய கேள்வி.

மிஸ்ஸி மருந்தை நிரப்பிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆள் இருந்தால்தானே சேர் அணு இருக்கும்."

போட்டோம். சேலைனும் வேகமாக ஓடவிட்டோம். மாலைக்குள் அழுத்தம் ஏறியது. அடுத்த நாள் காலை நான் வாட்டுக்குப் போனபோது அருளப்பு அண்ணை தலையணையில் சாய்ந்து இருந்துகொண்டு திரேசம்மாவோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். புட்டுக்கு மீன் குழம்பு கொண்டுவரச் சொன்னால் சம்பல் கொண்டுவந்துவிட்டாவாம்.

"கேளுங்கோ டொக்டர் இந்த மனுசன்ரை நியாயத்தை. நேற்றுச் செத்தவர், இண்டைக்கு மீன் கேக்கிறார்" என்றார் திரேசம்மா. கத்திச் சிரித்துக்கொண்டே அழுதார். நான் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்த நேரம் கடலில் நிற்கிற மாதிரித்தான் இருந்தது.

அந்தச் சுரப்பி திரும்ப வேலை செய்யாது. அதற்குப் பதிலாக வாழ்நாள் முழுக்கக் குளிசை. அது உடம்பு தானே செய்யவேண்டிய அளவை ஈடுசெய்கிறது மட்டும்தான், காவல் அணுக்களை அடக்குகிற பெரிய அளவு அல்ல. ஆகவே ஊசியைத் தொடரலாம் என்று சுரப்பி வைத்திய நிபுணரும் சொன்னார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. தெரியாதது ஒன்று சொல்கிறேன். காய்ச்சலோ சத்தியோ வந்தால் குளிசையைக் கூட்டிப் போட்டுக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று எல்லாருக்கும் எழுதிக் கொடுப்போம். நெடுந்தீவுக்காரருக்கு அந்த 'உடனே' எங்கே இருக்கிறது? காற்று எழும்பினால் போட் ஓடாது. சில வேளை இரண்டு நாள். எனவே திரேசம்மாவுக்கு ஊசி போடப் பழக்கினோம். மிஸ்ஸி ஒரு தோடம்பழத்தைக் கொண்டுவந்து வைத்தார். திரேசம்மா அதைக் குத்தின வேகத்தைப் பார்த்து அருளப்பு அண்ணை கட்டிலின் மற்றப் பக்கத்துக்கு நகர்ந்தார். நெடுந்தீவு ஆஸ்பத்திரி டொக்டருக்கும் கடிதம் எழுதி, தொலைபேசியிலும் பேசினேன். நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு 'உடனே'க்கும் முன்னால் நோயாளி எந்தத் தண்ணீரைத் தாண்டி வரவேண்டும் என்று ஒருமுறை யோசியுங்கள்.

இரண்டு சிகிச்சைகளைச் சேர்த்துக் கொடுக்கும்போது நடக்கிற ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். பழகின சிகிச்சை ஒன்று, பழகாத சிகிச்சை ஒன்று. எந்தக் குறி தெரிந்தாலும் பழகினதன் தலையில் கட்டிவிட மனம் ஓடும். கதிர்ச் சிகிச்சையை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும், குற்றத்தை ஏற்றுக்கொள்ளவும் அது நல்ல வசதியான ஆள். இதைவிட மோசமான பிழை, அருளப்பு அண்ணையின் வயிற்றை என் வயிற்றால் அளந்தது. எனக்குச் சாதாரணம் எது என்று பார்த்தேனே தவிர, அவருக்குச் சாதாரணம் எது என்று பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் ஊசிக்கு வருகிற எல்லாரிடமும் மிஸ்ஸி ஒரு கேள்வி கேட்கிறார். எங்காவது நோவா, சத்தியா என்பதற்கெல்லாம் முதல், "எப்பவும் உங்களாலை ஏலுமாய் இருந்த எது இப்ப ஏலாமல் கிடக்கு?" என்று. வேலணையில் தோட்டம் செய்கிறவர், வாளி தூக்க ஏலவில்லை என்பார். ஒரு ரீச்சர், மூன்றாம் பாடத்தோடு குரல் போய்விடுகிறது என்பார். ஒருவர், மனைவியோடு சண்டை பிடிக்க மனம் வருகுதில்லை என்றார். நாங்கள் சிரிக்கவில்லை. இரத்தம் எடுத்துப் பார்த்தோம். தைரொயிட் படுத்திருந்தது.

சரி, அருளப்பு அண்ணைக்கு வருகிறேன். அவர் வீடு போகும்போது ஊசியைத் தொடர்வதா என்று கேட்டேன். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றார். அவ்வளவுதான். அவரைக் குறைசொல்ல முடியாது. அந்த ஊசிதான் அவரை விழுத்தியது, அதைப் போட்டவன்தான் பகிடி விட்டவன். காணும், இனி வரேல்லை என்று அவர் சொன்னது என் காதில் இருந்தது. ஊசி வேலை செய்கிறது என்பது ஸ்கானில் இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் கிழமைகள் ஓடின. மூன்று போயிற்று. நான்கு போயிற்று. சனிக்கிழமைகளில் மிஸ்ஸி வீட்டுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் நான் வாசலில் நிற்பேன். "கண்டனான், நிண்டவர், உங்களைப் பற்றிக் கதைக்கேல்லை" என்பார்.

ஆறாம் கிழமை, மத்தியானம் நான் அறைக்குள் போனபோது, அவர் கதிரையில் இருந்தார். சட்டைக் கையை ஏற்கனவே மடித்துவிட்டிருந்தார். முகத்தில் வெயில் திரும்பி வந்திருந்தது. திரேசம்மா பக்கத்தில் ஒரு பை நிறையக் காயவைத்த பனங்கிழங்கு ஒடியலோடு நின்றார்.

நான் அந்த ஆறு கிழமையும் ஒரு பேச்சைத் தயாரித்து வைத்திருந்தேன். நின்றபடியே தொடங்கினேன். அண்ணை, பிழை என்னிலைதான், நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை, அக்கா சொன்னதையும் கேட்கவில்லை, உப்பைக் குறைக்கச் சொன்னது நான், உங்களை வீட்டுக்கு அனுப்பக் கடிதம் எழுதினதும் நான், மிஸ்ஸி இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே ஏலவில்லை, என்னிடம் இனி வர விருப்பமில்லை என்றால் வேறு டொக்டரிடம் ஒழுங்குசெய்து தருகிறேன், மன்னிப்புக் கேட்க எனக்கு... என்று போய்க்கொண்டே இருந்தேன்.  அருளப்பு அண்ணை என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெதியாய் ஊசியைப் போடுங்கோ டொக்டர், நாலு மணிப் போட் நான்தான் எடுக்கோணும்."